பின்வாசல் படியை நான் சமன்படுத்தியது பற்றி

ஹார்மன் துறை, இலினாய்
ஜூன் 5, திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த லியோரா அக்காவுக்கு, தம்பி ஆர்டன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் நெட்ராவும் நலம். என் வலது முழங்கால் நலம், இடது முழங்கால் ஜெபத்தில் இருக்கிறது. அங்கே ஐடஹோவில் நீயும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் உருளைக்கிழங்கு வயலும் நலமாக இருக்க ஆண்டவர் அருள்புரியட்டும். குடும்பச் சந்திப்புக்காக நீ அனுப்பிய சட்டை சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தது, அளவு சரியாக இருக்கிறது. அதன் நெஞ்சில் அச்சடித்திருக்கிறாயே ஒரு படம், குழிந்த கல்படியில் ஒரு பாதம், கீழே ‘கெசையாவின் படி’ என்று, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்.

நாங்கள் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சபையின் இந்தப் பழைய ஊருக்கு ஊழியத்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எழுபத்திரண்டு வயதில் ஊழியம் என்றால் பைபிளும் கையுமாக நாலு பேருக்கு நல்லது சொல்லலாம் என்று நினைத்து வந்தேன். இங்கே என் கையில் கொடுத்தது புல்வெட்டும் எந்திரம். மார்பில் ‘மூப்பர் பேக்லி’ என்று கறுப்பு வில்லை குத்திக்கொண்டு பதினெட்டு ஏக்கர் புல் வெட்டுகிறேன், வேலிக்கு மரம் பிளக்கிறேன், நூற்றியெண்பது வருஷத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன், காட்சிக்கு வளர்க்கும் கோழிகளுக்குத் தீனி வைக்கிறேன். நெட்ராவோ நீளப் பாவாடையும் துணித்தொப்பியும் போட்டுக்கொண்டு நம் எள்ளுப்பாட்டி கெசையா வாழ்ந்த வீட்டைச் சுற்றிக்காட்டி வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறாள். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அந்தக் கதையை நின்று கேட்டதில்லை நான். முதல் வெட்கம் இது. எண்ணிக்கொண்டே வா, இன்னும் இருக்கிறது.

‘கெசையாவின் படியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்’ என்று நீ மாதா மாதம் எழுதினாய். பார்த்துக்கொண்டேன் அக்கா, சத்தியமாக. முன்வாசல் படியிலும் லேசான குழி உண்டு, அதுதான் அவளுடையது என்று வாரா வாரம் அதை மெல்லிய பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அவள் பின்வாசல் வழியாகத்தான் வீட்டை விட்டுப் போனாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ சொல்லியிருப்பாய். நான் தலையாட்டியிருப்பேன்.

போன புதன்கிழமை அந்தப் பின்வாசலில் அரிசோனாவிலிருந்து வந்த ஒரு அம்மாள் தடுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். போய்ப் பார்த்தேன். படிக்கல்லின் நடுவே பெரிய பள்ளம், அதில் மழைத்தண்ணீர், தண்ணீரில் ஒரு தவளை. நாற்பது வருஷம் பாசனத்துக்காக வயலைச் சமன் செய்தவன் நான். பள்ளத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது என்று உனக்கே தெரியும். வியாழக்கிழமை காலை கடப்பாரை போட்டு நெம்பி அந்தக் கல்லை எடுத்துவிட்டு, கொட்டகையில் சும்மா கிடந்த புதுக்கல்லைத் தூக்கி வைத்து, சுண்ணாம்புக் கலவை பூசி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. பழைய கல்லை வீணாக்குவானேன் என்று கோழிப்பட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். பள்ளத்தில் தண்ணீர் ஊற்றினால் ஆறு கோழி ஒரே நேரத்தில் குடிக்கிறது. எவ்வளவு தோதாக இருக்கிறது என்று மகிழ்ந்து போனேன்.

பதினோரு மணிக்கு நெட்ரா நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். யாராவது பாராட்டுவார்கள் என்று கொத்துக்கரண்டியும் கையுமாக நான் ஓரமாக நின்றேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கதையைக் கேட்டேன்.

“நம்ம சபை ஆளுங்களை ஊரை விட்டு விரட்டுன சமயம், பனி கொட்டுற பிப்ரவரி மாசம். கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு, கதவைச் சாத்திட்டு, மேற்கே போகக் கிளம்பினா கெசையா. திரும்பி வரவே இல்ல. ஏழு வருஷம் ஆத்துத் தண்ணி சுமந்து சுமந்து அவ பாதம் பட்டே தேஞ்ச படிங்க இது. எல்லாரும் குனிஞ்சு பாருங்க, அவ பாதம் தெரியும்.”

நாற்பது பேரும் குனிந்தார்கள். நெட்ராவும் குனிந்தாள். மட்டமாக, வெள்ளையாக, ஈரம் காயாமல் என் வேலை தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர், “ரொம்ப நல்லாப் பராமரிச்சிருக்காங்க” என்றார். நெட்ரா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருஷத்தில் அப்படி அவள் பார்த்ததில்லை.

“ஏங்க, அந்தக் கல் எங்க?”

“கோழிங்க தண்ணி குடிக்குது.”

எங்கள் மேலாளர் மூப்பர் கிராண்டால் வந்தார். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குரல் உயர்த்தவே மாட்டார். திட்டியிருந்தால் தேவலை. படியைப் பார்த்தார், பட்டியைப் பார்த்தார், கல்லின்மேல் நின்ற சேவலைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, “மூப்பர் பேக்லி, இந்த எட்டு மாசத்துல வேற என்னல்லாம் சரி பண்ணீங்க?” என்று கேட்டார். எனக்குக் காது மடல் வரை சுட்டது.

உடனே திருப்பி வைத்துவிடலாம் என்று கல்லுக்குச் சங்கிலி கட்டிச் சின்ன டிராக்டரில் இழுத்தேன். மெதுவா, மெதுவா என்று நெட்ரா கத்தினாள். எந்திரச் சத்தத்தில் எனக்கு, சீக்கிரம் வா என்கிறாள் போலத் தோன்றியது. சங்கிலி நழுவியது. கல் வேலிக்கட்டையில் மோதி இரண்டாக உடைந்தது அக்கா. சரியாகப் பள்ளத்தின் நடுவே.

நேற்று மாதத்தின் முதல் ஞாயிறு. எல்லோரும் உபவாசமிருந்து, எழுந்து போய் மனதில் இருப்பதைச் சாட்சி சொல்லும் நாள். சபை முன்னால் பாவத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். மைக்கைப் பிடித்து, “சகோதர சகோதரிகளே, நான் ஒண்ணு சொல்லணும்” என்றேன். நூறு முகங்கள் என்னைப் பார்த்தன. அடுத்த ஐந்து நிமிடம் இந்த வருஷத்து மழைக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நெட்ரா என் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் உபவாசம் முடித்து, உருளைக்கிழங்கும் சீஸும் போட்டு வேகவைத்ததை என் தட்டில் வைத்தபோது மட்டும், “அக்காவுக்கு எழுதுங்க” என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். பதினேழாம் தேதி முப்பத்திரண்டு பேர் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் படியில் கால் வைக்க வரப்போகிறீர்கள். உன் பாதம் அந்தப் பள்ளத்தில் அச்சாகப் பொருந்தும், அது ரத்தத்தின் சாட்சி என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறாய். எழுபத்தொன்பது வயதில் உன் பேத்தியின் பாதத்தையும் அதில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டாய். அதை நான் கெடுத்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. மன்னிக்க முடிந்தால் மன்னி. முடியாவிட்டால் சட்டையைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் பயணத்தையும் பஸ்ஸின் நான்கு சக்கரங்களையும் காக்கட்டும்.

தலைகுனிந்து,
உன் தம்பி ஆர்டன்

பின்குறிப்பு: அக்கா, மேலே எழுதியது எதையும் நம்பாதே. உறையை ஒட்டப் போகும்போது மூப்பர் கிராண்டால் கூப்பிட்டனுப்பினார். உடைந்த கல்லை ஒட்டுவதற்காக அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த பழைய சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவியிருந்தார். அங்கே உளியால் செதுக்கிய எழுத்து: ‘பழைய படி என் டிராக்டரில் உடைந்தது. சொல்ல வாய் வரவில்லை. இது புதிது. பள்ளத்துக்கு அளவு, லியோராவின் இடது கால். கர்த்தர் மன்னிப்பாராக. கோல்டன் டோல்மன், 1991.’

உன் கோல்டன்தான், என் அத்தான்தான். நீங்கள் இருவரும் இங்கே ஊழியம் செய்த அதே வருஷம். ஏழு வருஷம் தண்ணீர் சுமந்தால் கல் குழியுமா என்று இத்தனை காலம் ஒருவரும் கேட்கவில்லை பார். அத்தான் என்னைவிடப் பெரிய கோழை என்று தெரிந்ததும் அப்பாடா என்று இருந்தது. இறந்தவரைப் பற்றி அப்படி நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

கல்லை ஒட்டியாகிவிட்டது. மூப்பர் கிராண்டால் மேலிடத்துக்கு எழுதப்போகிறார், நெட்ராவும் கதையை மாற்றிச் சொல்லப்போகிறாள். ஆனால் பதினேழாம் தேதி உனக்காக அந்தக் கல்லை வாசலில் வைத்திருப்பேன். வந்து காலை வை. அது உன்னுடைய படி.

ஒன்றே ஒன்று மட்டும் எழுது அக்கா. அத்தான் உன் இடது காலைக் கல்லில் வைத்து அளவெடுத்தபோது, நீ என்னவென்று நினைத்துக்கொண்டு நின்றாய்?