ரிஜெக்ட் சார் அளக்க மறந்தது

திருச்சியில் ரிஜெக்ட் சார் குறை சொல்லாத பொருள் என்று ஒன்று இருந்தால், அது இன்னும் அவர் கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

நானும் அவரும் ஒரே தொழிற்சாலை. அவர் தரப் பரிசோதனைப் பிரிவு. வெல்டிங்கில் மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிடுவார். ரிட்டையரானதும் கைலாசபுரத்துக்கு வெளியே பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டோம். பெயின்ட் டப்பாதான் தொழிற்சாலையோடு நின்றது. என் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கே" என்றார். தினமும் காலையில் என் மனைவி தரும் காப்பியைக் குடித்துவிட்டு, "டிகாக்‌ஷன் தண்ணி. ரிஜெக்ட்" என்பார். டம்ளர் என்னவோ காலியாகத்தான் திரும்பி வரும்.

அவர் குறை சொல்லாத ஒரே ஆள் அவர் மனைவி வசந்தா அக்கா. அக்காவுக்கு முதுகெலும்பு தேய்ந்துபோய், ஆஸ்பத்திரியைத் தவிர வெளியே போய் இரண்டு வருஷமாகிவிட்டது. ஆட்டோவில் ஏறினால் பள்ளத்துக்குப் பள்ளம் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடிப்பார். கடைசியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். டாக்டர் பெரிதாக நம்பிக்கை எதுவும் சொல்லவில்லை. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்ரீரங்கம் போயிட்டு வந்துடணும்ங்க."

ரிஜெக்ட் சார் வண்டி தேட ஆரம்பித்தார். போன் செய்து வரவழைத்த டாக்சிகள் மூன்றை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. புதிதாக வந்திருக்கும் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார், குலுங்காதாம். வீட்டை விற்றாலும் வாங்க முடியாத வண்டி. "டெஸ்ட் டிரைவ் சும்மாதானய்யா?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார்.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். 'எப்போது வாங்க உத்தேசம்?' என்ற இடத்தில் சார், 'உத்தேசம் இல்லை' என்று எழுதினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"பொய் ரிப்போர்ட் எழுதிப் பழக்கமில்லய்யா."

டை கட்டிய விற்பனையாளர் படித்துவிட்டு நிமிர்ந்தார். சார் விஷயத்தைச் சொன்னார். விற்பனையாளர் படிவத்தை ஓரமாக வைத்தார். "எங்கம்மாவுக்கும் இடுப்புதாங்க சார். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கே எடுத்துட்டு வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. சார் அரை மணி நேரம் அதைச் சுற்றினார். விரலால் தட்டினார், டார்ச்சோடு அடியில் படுத்தார், கதவு இடைவெளியைத் தகடு விட்டு அளந்தார். பிறகு மூவருமாக அக்காவை முன் சீட்டில் மெதுவாகச் சரித்து உட்கார வைத்தோம்.

சார்தான் ஓட்டினார்; நானும் விற்பனையாளரும் பின் சீட்டில். வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. "இன்ஜின் சத்தமே காணோமே, எதைக் கேட்டுப் பரிசோதிக்கிறது?" என்று சார் எரிந்து விழுந்தார். பால்பண்ணை தாண்டியதும் 'ஸ்போர்ட்' என்ற பட்டனை அமுக்கினார். வண்டி விறைத்துக்கொண்டு பாய்ந்தது. அக்கா "ஸ்ஸ்" என்றார். சார் பதறிப்போய் அதை அணைத்தார்.

"இந்தப் பட்டன் ரிஜெக்ட்!"

சத்திரம் பேருந்து நிலையம் கடந்து காவிரிப் பாலம். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கினார். பின்னால் பஸ்கள் அலறின. அவர் அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாலம் முடியும்வரை ஒரு "ஸ்ஸ்" கூட இல்லை. எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ராஜகோபுரத்தின் எதிரே நிறுத்திக் கதவைத் திறந்தோம். அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் அல்லவா, சீட் தரையோடு தரையாக இருந்தது. கைத்தாங்கலாகத் தூக்கப் பார்த்தோம். அக்கா வலியில் கத்தியே விட்டார்.

சார் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாத்தையும் அளந்தேனய்யா. சீட்டு உயரத்தை அளக்கலையே!" அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

விற்பனையாளர் என்ன நினைத்தாரோ, உள்ளே கைவிட்டு ஏதோ ஒரு பட்டனை அமுக்கினார். மேலே இருந்த திரை நகர்ந்தது. கூரை முழுக்கக் கண்ணாடி. சீட்டையும் பின்னால் சாய்த்துவிட்டார். அக்கா மல்லாந்து பார்த்தார்.

"ஏங்க, இங்க வாங்களேன். எப்பவும் கழுத்து வலிக்கும்னு பாதியோட நிறுத்திடுவேன். இன்னிக்குத்தான் கலசம் வரைக்கும் பார்க்கறேன். நான் வாசல் வரைக்கும் வந்தது உள்ள இருக்கற பெருமாளுக்குத் தெரியாதாங்க?"

போலீஸ்காரர் விசில் அடிக்கும்வரை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சார் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். 'சீட் உயரம்: ரிஜெக்ட். ஸ்போர்ட் பட்டன்: ரிஜெக்ட். கண்ணாடிக் கூரை: பாஸ்.' அவர் கையெழுத்தில் 'பாஸ்' என்ற வார்த்தையை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விற்பனையாளர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் போன அக்கா வீடு திரும்பவில்லை.

சார் இப்போதும் தினமும் காலையில் வருகிறார். காப்பியைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்கிறார். எனக்கு அது தாங்கவில்லை. நேற்று மனைவியிடம் சொல்லி, சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போடச் சொன்னேன். மனிதர் முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தார்.

"நல்லா இருக்கும்மா."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், ஒரே ஒரு தடவை ரிஜெக்ட்னு சொல்லிடுங்க சார்."