கல்லூரிக்குக் குறிப்புப் பார்த்த ‘பொருத்தம்’

வெளிநாட்டில் எங்கள் சனம் கடைபோட்டிருக்கும் லா சப்பல் முழுவதையும் சலித்தெடுத்தாலும் ‘பொருத்தம்’ போல ஒரு விசரன் அகப்படமாட்டான். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு வந்து, கோப்பை கழுவி, ரூ லூயி-பிளாங் தெருவில் சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை போட்டவன் சொல்கிறேன். ஆளை எடைபோடுவதில் எனக்குப் பிழைத்ததே இல்லை. இவன் என் குசினியில் வடை சுடுகிறவன். எதை எடுத்தாலும் சாதகப் பொருத்தம் பார்ப்பதால் வந்த பெயர்.

கடைக்குப் புதுக் குளிர்ப்பெட்டி வந்தது. பின்பக்கம் தவழ்ந்துபோய், அது செய்யப்பட்ட திகதியைப் பார்த்துவிட்டு வந்தான்.

“அண்ணை, இதுக்கும் உங்களுக்கும் ஒத்துவராது.”

“நான் அதைக் கட்டப்போறேல்லையடா, கறி வைக்கப்போறன்!”

கோப்பை கழுவ வந்த மாலி நாட்டுக்காரரிடம் பிறந்த நேரம் கேட்டான். அந்த மனிதர் பொலிஸ் என்று நினைத்து அன்றைக்கே மறைந்துவிட்டார்.

இப்படிப்பட்டவனுக்கு யாழினி என்று ஒரு கெட்டிக்கார மகள். அமெரிக்காவில் ஒரு கல்லூரி மீது அவளுக்கு உயிர். அங்கே ஒரு முறை இருக்கிறதாம். முந்தியே விண்ணப்பித்தால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவர்கள் எடுத்துவிட்டால், மற்ற எல்லாக் கல்லூரிகளையும் கைவிட்டு அங்கேதான் போகவேண்டும். தகப்பனும் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

நானென்றால் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முடிவு சொல்லியிருப்பேன். இவன் என்ன செய்தான்?

“பிறகு மாறேலாத சம்பந்தமெண்டால் குறிப்புப் பார்க்காமல் எப்பிடி அண்ணை?”

கல்லூரி தொடங்கிய திகதியைத் தேடியெடுத்து, யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்கு என் குசினியிலிருந்தே போன் போட்டான்.

“மாப்பிள்ளைக்கு என்ன வயசு?” என்றார் சாத்திரியார்.

“இருநூறுக்குக் கிட்ட வரும், ஐயா.”

சாத்திரியார் திகதியை இரண்டுதரம் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

அதோடு விட்டானா? அடிக்கல் வைத்த நேரத்தையும் கல்லூரியிடம் கேட்டு எழுதும்படி மகளிடம் சொன்னான். யாழினி கடைக்குள்ளேயே கத்தினாள்.

“பப்பா! அது மாப்பிள்ளை இல்லை, யூனிவெர்சித்தே! வெள்ளிக்கிழமை போனால் நான் எல்லாரோடையும் வரிசையிலை நிக்கோணும். பிறகு எனக்குக் கிடைக்காது!”

வெள்ளிக்கிழமை காலமை சாத்திரியாரின் முடிவு வந்தது. பத்துப் பொருத்தத்தில் இரண்டுதான் தேறியது.

“சரி, பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண்ணைப் போட்டாச்சு. இப்ப சந்தோசமோ?” என்றேன்.

“இல்லை அண்ணை, சைன் வைச்சிட்டன்.”

“ரெண்டுதானே பொருந்தினது?”

“எனக்கும் மனுசிக்கும் ஒண்டுதான் பொருந்தினது. இருவது வருசமாய் ஒண்டாய் இருக்கிறம்தானே.” எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “என்ன, மனுசி கோவிச்சுக்கொண்டு போனாலும் பின்னேரம் வீட்டை வந்திடுவா. பிள்ளை அங்கையிருந்து அப்பிடி வரேலாதே அண்ணை.”

அன்றைக்கு அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கி, மீதி வடையை நானே சுட்டேன்.

யாழினிக்கு இடம் கிடைத்தது. போய்விட்டாள். இவன் இப்போது, “சம்பந்தி வீட்டிலை பனி கொட்டுதாம்” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் செய்தி வாசித்து, ஒவ்வொரு சட்டி வடையையும் கருக்குகிறான். வேறொருவன் என்றால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இவன் கருக்கினதை மட்டும், ஆட்கள் கண்ணில் படுமுன் எடுத்து நானே தின்றுவிடுகிறேன்.