ஒரு துளி வாடைகூட இல்லை

“ஒண்ணு! அஞ்சு நட்சத்திரத்துல ஒண்ணே ஒண்ணு!”

ஜனைன் போட்ட சத்தத்தில் கிளைவின் விரலிடுக்கில் இருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான், எழுந்து வரவில்லை.

“யாருக்கு என்ன ஆச்சு?” என்று கரண்டியால் துழாவிக்கொண்டே கேட்டான்.

“எனக்கு! என் மாம்பழத்துக்கு!” கைபேசியைக் கணவனின் மூக்கில் இடிக்கிற மாதிரி நீட்டினாள். “படி. நீயே படி. எனக்கு நாக்கு எழும்பலை.”

நாக்கு எழும்பாதவள் மாதிரி தெரியவில்லை. ஆனாலும் கிளைவ் சொன்னபடி படித்தான்.

“‘மாம்பழம், அன்னாசி, தேங்காய் மூன்றும் சேர்ந்த மெழுகு வாங்கினேன். தினமும் ஏற்றுகிறேன். வீட்டில் ஒரு துளி வாடைகூட இல்லை. என் வாழ்நாளில் இப்படி ஒரு சரக்கைப் பார்த்ததில்லை. செய்தவரை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டேன். நெவில் டௌஸ், கிரிம்ஸ்பி.’”

“நம்ம ஊர்க்காரன்! அந்நியன் சொன்னாலும் போகட்டும்னு விடலாம். அதுலயும் பாரு, வாடையாம்! வாசனைன்னு எழுதக்கூட அந்த ஆளுக்குக் கை வரலை. நான் என்ன செத்த எலியா விக்கறேன்?”

ஜனைன் விற்றது வாசனை மெழுகு. சின்னப் பீங்கான் விளக்கின் தலையில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் ஒரு கட்டி மெழுகை வைத்து அடியில் சுடரை ஏற்றினால், மெழுகு உருகி வீடெல்லாம் மணக்கும். பட்டாணியை உறைய வைத்துப் பொட்டலம் கட்டும் ஆலையில் கைவிரல் மரத்துப்போக வேலை பார்த்தவள் அவள். ஆலை வேறு ஊருக்குப் போனதும் சமையலறையையே பட்டறையாக்கிக்கொண்டாள். இணையத்தில் ‘ஜனைனின் வெயில்தீவு’ என்று ஒரு பக்கம் திறந்தாள். மாமரத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. தேங்காயோடு அவளுக்கு உண்டான உறவு, திருவிழாவில் பந்தெறிந்து ஒன்றைப் பரிசாக வென்றதோடு சரி. ஆனால் புட்டியிலிருந்து தைலத்தை ஊற்றிக் கலக்குவதில் அவளுக்குக் கைராசி உண்டு. வெளியே வருஷம் முழுக்கத் தூறிக்கொண்டிருக்கும் ஊரில் ஜன்னலைச் சாத்திவிட்டு மாம்பழத்தை முகர யாருக்குத்தான் ஆசை இருக்காது? வந்த நட்சத்திரமெல்லாம் ஐந்துதான். ஊருக்கு வெளியே செடிகொடி விற்கும் பெரிய கடையின் மேலாளர் அம்மாள், கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஓர் அலமாரியே ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்தா இந்த நெவில் டௌஸ் வந்து முளைக்க வேண்டும்?

“விட்டுத் தள்ளு ஜனைன். நூறு பேர்ல ஒருத்தன் அப்படித்தான் இருப்பான்” என்றான் கிளைவ். அவன் பஸ் ஓட்டுகிறவன். நூற்றில் ஒருத்தனைத் தினமும் பார்க்கிறவன்.

விடுகிற ஜாதியா ஜனைன்? அங்கேயே உட்கார்ந்து, ஊரே பார்க்கிற மாதிரி பதில் எழுதினாள்: ‘ஐயா, தங்கள் மூக்கை உடனே டாக்டரிடம் காட்டவும்.’

பதில் அன்று சாயங்காலமே வந்தது.

‘அக்கறைக்கு நன்றி. மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் வாடை இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?’

“பாத்தியா திமிரை! நன்றி வேற சொல்றான்!”

அந்தப் பதிலுக்குக் கீழே சிரித்த முகங்கள் குவிந்தன. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இத்தனை நாள் வாயாரப் புகழ்ந்த ஒரு வாடிக்கைக்காரி, ‘இப்போது யோசித்தால் எங்கள் குளியலறையிலும் கொஞ்சம் மந்தம்தான்’ என்று எழுதினாள். இன்னொருத்தி ‘நானே சொல்லலாம் என்றுதான் இருந்தேன்’ என்றாள். மேலாளர் அம்மாளும் போனில் கூப்பிட்டு, “இந்த நெவில் விவகாரத்தை முதல்ல முடிச்சிட்டு வாங்க கண்ணு, அப்புறம் அலமாரியைப் பத்திப் பேசலாம்” என்று தேன் தடவிச் சொல்லி வைத்துவிட்டாள்.

“வாசனை இல்லையாமில்ல? காட்டறேன்” என்று ஜனைன் தைலப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். வழக்கமாக ஊற்றுகிற அளவுக்கு மேல் இன்னொரு மடங்கு போயிற்று.

“அவ்வளவு தைலத்தை மெழுகு குடிக்குமா?” என்று கிளைவ் சந்தேகப்பட்டான்.

“ஊத்தினா குடிக்கும். உங்கண்ணன் குடிக்கலையா?”

மெழுகு கிளைவின் அண்ணன் இல்லை. குடித்த மட்டும் குடித்துவிட்டு மிச்சத்தை வேர்வையாக வெளியே விட்டது. கட்டிகள் இறுகாமல் கொழகொழவென்று இருந்தன. அனுப்பிய பொட்டலங்களின் மூலைகளில் எண்ணெய் கசிந்தது. மறுநாளே தபால்காரி ஹெதர் வாசலில் வந்து நின்று தன் பையைத் திறந்து காட்டினாள்.

“மோந்து பாரு ஜனைன். பில்லு, ஆஸ்பத்திரிக் கடுதாசி, கோர்ட்டு நோட்டீஸ், எல்லாம் அன்னாசி! மூலை வீட்டுல புருஷன் செத்துப்போன அந்தம்மாவுக்குத் துக்கம் விசாரிச்சு ஒரு கார்டு வந்திருந்தது. கையில வாங்கி மோந்துட்டு, ‘யாரு உல்லாசப் பயணம் போயிருக்காங்க?’ன்னு கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?”

“நல்ல வாசனையா இருக்கா?” என்றாள் ஜனைன் ஆவலாக.

“எனக்குத் தலை சுத்துது.”

“அதை என் இணையப் பக்கத்துல எழுதுவியா?”

ஹெதர் பையை மூடிக்கொண்டு போனாள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் கிளைவ் நேரத்துக்கு முன்னால் வீடு திரும்பினான். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. அவன் சீருடை சமையலறையில்தான் காயும்.

“என்னாச்சு?”

“ஊதினேன்.”

“எதை?”

“குழாயை! பஸ் நிறைய ஜனம் பார்க்க ஊதினேன்! அன்னாசியும் தேங்காயும் சேர்ந்து மணந்தா அது ரம் கலந்த பானம்தானாம். ஒரு பாட்டியம்மா டிப்போவுக்கே போன் போட்டுச் சொல்லிட்டாங்க. மேற்பார்வையாளர் அடுத்த நிறுத்தத்துல மிஷினோட நிக்கறார்.”

“ஒண்ணும் வந்திருக்காதே?”

“ஒண்ணும் வரலை. அவர் நம்பணுமே! மிஷினை ரெண்டு தட்டு தட்டிட்டு இன்னொரு தரம் ஊதச் சொன்னார். இருபது வருஷமா ஓட்டறேன் ஜனைன். ஒரு பொட்டுச் சாராயம் தொட்டதில்லை. சட்டையை மாத்திட்டு வான்னு அனுப்பிட்டாங்க.”

ஜனைன் முகம் மலர்ந்தது. “அப்போ பஸ் முழுக்க வாசனை வந்திருக்கு!”

கிளைவ் அவளை ஒரு பார்வை பார்த்தான். கல்யாணமான ஆண்களுக்கு மட்டுமே கைவந்த பார்வை அது.

புதிய மெழுகின் வீரியம் இப்படி ஊரறிய நிரூபணமானதும், ஜனைன் அதிலேயே இன்னும் காட்டமாக ஒரு பொட்டலம் தயாரித்தாள். இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, காசு வாங்காமல், நெவில் டௌஸுக்கு அனுப்பிவைத்தாள். ‘இதற்கும் வாசனை இல்லை என்று சொல்லிப் பாருங்கள்’ என்று ஒரு சீட்டும் உள்ளே வைத்தாள்.

பொட்டலம் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. இணையப் பக்கத்தில் இரண்டு வரியும் வந்தது:

‘புதியதை அனுப்பிச் சிரமப்பட வேண்டாம். பழையதே போதும்.’

“பழசே போதுமாம்! பட்டதே போதும்னு சொல்றான்! பிரிச்சுக்கூடப் பாக்கலை கிளைவ், பிரிச்சுக்கூடப் பாக்கலை!” ஜனைனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபம் பாதி என்றால், மீதி நிஜமாகவே வருத்தம். அந்தச் சமையலறையில் அவள் தேய்த்த பாத்திரங்களும் சுட்டுக்கொண்ட விரல்களும் அவளுக்குத்தான் தெரியும். “பட்டாணி ஆலையில ஒருத்தன் என்னை இப்படிப் பேசினதில்லை. கோட்டை மாட்டு.”

“எங்கே?”

“நாலு வார்த்தை சொல்லணும்னானே, அங்கே. நான் நாப்பது சொல்றேன்.”

“ஞாயித்துக்கிழமையும் அதுவுமா…”

“ஞாயித்துக்கிழமைன்னாத்தான் வீட்ல இருப்பான்!”

வீட்டிலிருந்த பீங்கான் விளக்குகள் அத்தனையும் கடைக்குப் போகும் பைகளில் ஏறின. கிளைவ் அவற்றைத் தூக்கிக்கொண்டு கலகலவென்று சத்தம் எழ அவள் பின்னால் நடந்தான். துறைமுகத்துப் பக்கம், வரிசை வீடுகளில் ஒன்று. கதவைத் திறந்தவர் கம்பளிச் சட்டை போட்ட, கன்னம் சிவந்த ஒரு வயசாளி.

“நெவில் டௌஸ்?”

“ஆமாம் கண்ணு.”

“நான் ஜனைன். வெயில்தீவு ஜனைன்!”

கிழவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். “நீங்கதானா! உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன். நாலு வார்த்தை…”

“ஒரு வார்த்தை வேண்டாம்!” என்று அவரைத் தாண்டி உள்ளே புகுந்தாள் ஜனைன்.

“பெரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா, இதோ வந்துருவா. அவளும் உங்களைப் பார்த்தா விடமாட்டா…”

“ரெண்டு பேருமா? வரட்டும்!”

கூடத்தில் கணப்புக்கு மேலே ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிண்ணத்தில் மஞ்சளாக உருகி நின்றது அவளுடைய மெழுகுதான். ஜனைன் மூக்கை விடைத்து இழுத்தாள். ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் மாம்பழத்திலேயே ஊறிய மூக்கு அது, அதை நம்ப முடியாது. கிளைவைப் பார்த்தாள். அவனும் மூலைக்கு மூலை முகர்ந்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“நிஜமாவே ஒண்ணும் வரலை ஜனைன். பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு வீடு.”

“அதைத்தானே நான் சொன்னேன்!” என்றார் நெவில் பூரிப்போடு.

கட்டிய கணவனையே சாட்சிக்கு இழுத்துக்கொண்டு இந்த மனிதர் பூரிக்கிறார்! ஜனைனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. பைகளைக் கவிழ்த்தாள். கூடத்தில், மாடிப்படியில், சமையலறையில், குளியலறையில், கடிகாரத்தின் தலையில் என்று கண்ட இடத்திலெல்லாம் விளக்கு. ஒவ்வொன்றிலும் புதுச்சரக்கு வழிய வழிய.

“கண்ணு, ஒரு நிமிஷம் கேளுங்க…”

“பேசாதீங்க! மோந்து பாருங்க!”

முதலில் மாம்பழம் வந்தது. மாம்பழத்தை இடித்துக்கொண்டு அன்னாசி வந்தது. பின்னாலேயே தேங்காய் வந்து இரண்டின் மேலும் ஏறி உட்கார்ந்தது. கிளைவ் தொடர்ந்து தும்மினான். நெவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஜன்னலைத் தேடினார்.

“இப்போ வருதா?”

“வருது கண்ணு. ரொம்ப வருது.” அவர் குரலில் ஏனோ சுரத்தே இல்லை.

“எழுதுங்க! இப்பவே, என் கண் முன்னாடி!”

கிழவர் கைபேசியை எடுத்து ஒற்றை விரலால் தட்டினார். ‘இப்போது வீடு முழுக்க வாடை.’

“நட்சத்திரம்? அஞ்சு போடுங்க!”

நெவில் நிமிர்ந்து பார்த்தார். “அஞ்சா? வேண்டாம் கண்ணு. ஒரு நாள் தப்பு யாருக்கும் வர்றதுதான். உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட எனக்கு மனசு வரலை.”

“கிண்டலா? அஞ்சு! குறைஞ்சா நகரமாட்டேன்!”

“நீங்களே கேக்கறதால போடறேன்” என்று பெருமூச்சோடு ஐந்தையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

“பாவம், விடு ஜனைன். வயசான மனுஷர்” என்று கிளைவ் தும்மலுக்கு நடுவே கெஞ்சினான்.

“உண்மையை ஒத்துக்கறது கஷ்டம்தான்!” என்றாள் ஜனைன். பல நாட்களுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. காலி பைகளை மடித்துக்கொண்டு, ஜெயித்த கையோடு வாசலுக்குத் திரும்பினாள்.

கதவு திறந்தது. தலையில் மழைத்தொப்பியோடு உள்ளே காலெடுத்து வைத்த குண்டு அம்மாள், சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“நெவில்! என்னய்யா இது வாடை? நல்லா இருந்த வீட்டை என்ன பண்ணி வெச்சிருக்கே?”

“இவங்கதான் பெரில், அந்த மெழுகு செய்யறவங்க” என்றார் நெவில் ஈனஸ்வரத்தில்.

பெரில் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். ஓடிவந்து ஜனைனின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“அட மகராசி, நீதானா! நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்லேர்ந்து இவர் கொல்லையில புகை போட்டு வாட்டற மீன் வாடை போனதே இல்லை, உன் பழைய மெழுகுதான் அதை ஒரு துளி இல்லாம துடைச்செடுத்தது. அதனாலதானே, ஊர்க் காய்கறிப் போட்டிக்கு நடுவரா போயும் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் முதலிடம் கொடுக்காத மனுஷன், உனக்கு மட்டும் ஒண்ணு போட்டார்!”