பூணூலோடு போன வாஷர்

"ஓய் யக்ஞம், பழசை விட்டாச்சா?" என்றார் சாஸ்திரிகள்.

விட்டாயிற்று. அதுதான் வினை. கல்பாத்திப் புழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற யக்ஞநாராயணன், ஆவணி அவிட்டத்துக்குப் புதுப் பூணூலைத் தரித்து, பழையதைக் கழற்றி ஆற்றில் விட்டான். விட்ட நொடியில் அதன் முடிச்சில் என்னவோ செம்பு நிறத்தில் பளிச்சிட்டது. என்னவென்று புரிவதற்குள் வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது.

வாஷர்!

யக்ஞநாராயணன் விமான மெக்கானிக். அந்த 1974-ல் நெல்லில் புகையான் பூச்சி விழுந்திருந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தரிசை மட்டமாக்கி, மருந்து தெளிக்கும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது அவன் கம்பெனி. வேலை நேரத்தில் சின்னச் சாமான் எதுவும் தொலைந்துவிடக் கூடாதென்று பூணூலில் முடிந்துகொள்வது அவன் பழக்கம். அப்பா சாவியை மாட்டினார். பிள்ளை வாஷரை மாட்டினான்.

நேற்று எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றினான். பழைய எண்ணெயை வடிக்க அடியில் ஒரு திருகு. அதற்கு வளையம் மாதிரி ஒரு செம்பு வாஷர். அது இல்லாமல் திருகினால் பறக்கப் பறக்க எண்ணெய் ஒழுகும். தீர்ந்ததும் எஞ்சின் நின்றுவிடும். எல்லாம் சரி என்று விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டிருந்தான். எட்டரைக்கு விமானம் கிளம்பும். இப்போது ஏழு. வயல் நடுவில் போன் ஏது? குனிந்து தண்ணீரைத் துழாவினான்.

"எந்தாக்கும் தேடறேள்?" என்றான் பக்கத்து வீட்டு ராமபத்ரன், பேங்க் கிளார்க்.

வாஷர் என்றால் நாலு கிராமமும் சிரிக்கும். "மோதிரம்" என்றான்.

"மோதிரமா! எத்தனை பவுன்?"

"அரை."

சேதி கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மூன்று பவுனாகிவிட்டது. பதினோரு பேர் குதித்தார்கள். ஒரு மெட்டி கிடைத்தது, ஒரு டிபன் பாக்ஸ் மூடி கிடைத்தது. முங்கி எழுந்த அமளியில் நாலு பேருடைய புதுப் பூணூல் ஆற்றோடு போயிற்று.

"புதுசைத் தொலைச்சவா எல்லாம் இந்தப் பக்கம் வாங்கோ! சங்கல்பத்திலேர்ந்து ஆரம்பிக்கணும்!" என்று கத்தினார் சாஸ்திரிகள்.

"ஓய், மோதிரம் உம்ம விரல்லேயேன்னா இருக்கு!" என்றார் முங்கி எழுந்த ஒருவர்.

யக்ஞநாராயணன் கரையேறி ஓடினான். "ராமா, ஸ்கூட்டரை எடு!"

வழியெல்லாம் ஒரே யோசனை. வாஷர் இல்லை என்று சொன்னால் லைசென்ஸ் போகும். சொல்லாவிட்டால் பைலட் சுவக்கீன் போவான்.

போய்ச் சேர்ந்தபோது விமானத்தின் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. யக்ஞநாராயணன் அங்கவஸ்திரத்தை உருவி ஆட்டினான். வழியனுப்புகிறான் என்று நினைத்து சுவக்கீனும் கையாட்டினான். வேறு வழியில்லாமல் ராமபத்ரன் ஸ்கூட்டரை ஓடுபாதையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினான். அதுவும் அங்கேயே அணைந்துபோயிற்று.

எஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தான் சுவக்கீன். சூரியநெல்லி எஸ்டேட்டில் வளர்ந்தவன். குரல் மலைக்கு மலை கேட்கும். "யோவ் சாமி! கிறுக்கா புடிச்சிருக்கு உமக்கு?"

"பறக்காதே சுவக்கீன். எஞ்சின்ல வாஷர் இல்லே. நான்தான் போட மறந்துட்டேன். பூணூலோட ஆத்துல போயிடுத்து."

சுவக்கீன் சிலுவை போட்டுக்கொண்டான். "சுத்திச் சுத்திப் பாத்தேனேய்யா. ஒரு சொட்டு ஒழுகலையே!"

"மேலே போனப்புறம் ஒழுகும். அது குழிக்குள்ளே இருக்கு, கழட்டினாத்தான் தெரியும்."

யக்ஞநாராயணன் அடியில் படுத்துத் திருகைக் கழற்றினான்; அவசரத்தில் டின் வைக்க மறந்தான். எஞ்சின் எண்ணெய் முழுவதும் அவன் புது வேஷ்டியில் இறங்கியது. கையில் திருகு. திருகில், புத்தம் புதிதாக, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது ஒரு வாஷர்.

"இது என்னய்யா?" என்றான் சுவக்கீன்.

"வாஷர்."

"அப்ப ஆத்துல போனது?"

"அதுவும் வாஷர்தான்."

"அப்போ ஒண்ணும் ஆகலையே! இதையே திருப்பிப் போட்டு அனுப்பும்" என்றான் ராமபத்ரன்.

"ஒரு தடவை நசுங்கினதை மறுபடி போடப்படாது. கோயம்புத்தூர்லேர்ந்து வேற வரணும். எண்ணெயும் வரணும்."

நடந்ததை ஒன்றுவிடாமல் புத்தகத்தில் எழுதினான். எழுத்தைவிட எண்ணெய்தான் அதிகம் பதிந்தது. "என் லைசென்ஸ் போச்சு" என்றான்.

வாசித்துப் பார்த்த சுவக்கீன் சிரித்துவிட்டான். "எவன் புடுங்குவான்? எனக்காக ஈர வேட்டியோட ஓடியாந்தீருன்னு நானும் கீழ எழுதுறேன். இல்லாத ஆபத்துன்னாலும் காப்பாத்துனது காப்பாத்துனதுதான். சரி, உம்ம வீட்டுல இன்னைக்குப் பாயாசம் உண்டா?"

"உண்டு."

"அப்ப வண்டியில ஏறும்."

மூன்று பேரும் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மருதாத்தாள் வரப்பில் தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"ஏனுங்க சாமி, நில்லுங்க! நேத்துப் பொழுதோட எங்க தண்ணி எறைக்கிற ஆயில் இஞ்சினைப் பிரிச்சுப் பூட்டிப்போட்டு, அதோட செம்பு வளையத்தைப் பூணூல்ல மாட்டிக்கிட்டே போய்ட்டீங்களே, அதைக் குடுத்துட்டுப் போங்க! காத்தால இருந்து எங்கூட்டுக்காரரு ஓட்டையில வெரலை வெச்சு அடைச்சுக்கிட்டே உக்காந்திருக்காருங்க!"