அடுப்படிக்கு ஒரு லென்ஸ்

கோப்பாயில் படம் எடுக்கத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை என்பதை என் நாற்பதாவது வயதில் நான் கண்டுபிடித்தேன். சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் செபநாயகம் பிளாஷை முகத்துக்கு நேரே வெடிக்க வைப்பார். பொம்பிளையும் மாப்பிள்ளையும் கோழி களவெடுத்துப் பிடிபட்டவர்கள் மாதிரி விழிப்பார்கள். அந்தப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டுக் காசும் வாங்குவார்.

பக்கத்து வளவு சோமசேகரம் அவரிலும் மோசம். தபாற் கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற மனிதர். தகப்பன் மலாயாவிலிருந்து கொண்டுவந்த பெட்டிக் கமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு தன் மாட்டைப் படம் எடுப்பார். மாடு அசையும். படத்தில் அதற்கு இரண்டு தலை இருக்கும். அந்த மாட்டைத்தான் விறாந்தையில் மாட்டி வைத்திருக்கிறார்.

என்னிடம் கமரா இல்லை. ஆகவே என்னை யாரும் குறைசொல்ல முடியாது. இந்த நிம்மதியைக் கெடுத்தது கொழும்புப் பத்திரிகை ஒன்று. படப்போட்டி வைத்தார்கள். தலைப்பு 'வீட்டுக்குள்ளே'. பிளாஷ் பாவிக்கக் கூடாது.

படித்தவுடனே எனக்கு எங்கள் குசினி கண்ணில் தெரிந்தது. அதற்கு யன்னல் இல்லை. பட்டப்பகலிலும் இருட்டு. அந்த இருட்டில் குந்தியிருந்து என் மனைவி நாகேஸ்வரி அடுப்பு ஊதுவாள். புகை எழும்பும். கண்ணால் நீர் ஓடும். பன்னிரண்டு வருடமாக அவள் அதற்குள் இருந்து இருமுகிறாள். அதில் இவ்வளவு கலை இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

யன்னல் வைக்கச் சொல்லி அவள் கேளாத வருடமில்லை. நான் விடவில்லை. குசினிச் சுவருக்கு அப்பால் சோமசேகரத்தின் வளவு. நான் என்ன கறியோடு சாப்பிடுகிறேன் என்று அந்த மனிசன் பார்ப்பதற்குச் சுவரை உடைப்பதா? இன்னொரு காரணமும் உண்டு. அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் நான் குசினிக்குள் கால் வைப்பதில்லை. "அந்த இருட்டுக்குள்ளை எனக்குக் கண் தெரியாது" என்று கலியாணமான புதிதில் சொல்லி வைத்தேன். நல்ல காரணம். இன்றுவரை தேயாமல் உழைக்கிறது.

பருத்தித்துறைப் பிலிப்பு கப்பலில் வேலை. சிங்கப்பூருக்குப் போய்வருகிறவன். இருட்டில் படம் எடுக்கிற கமரா ஒன்று கொண்டுவரச் சொல்லி அவனைப் பிடித்தேன்.

"அண்ணை, இருட்டுக்கு ஒண்டு தசம் எட்டு நம்பர் லென்ஸ் காணும். ஒண்டு தசம் நாலு விலை கூட" என்றான்.

"காணாது. நீ எங்கடை குசினியைக் காணேல்லை."

"அப்ப ஒரு பிளாஷை வாங்கிப் போடுங்கோவன்."

நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் பேச்சை மாற்றினான். "ஐம்பது மில்லிமீற்றரோ, முப்பத்தைஞ்சோ?"

"ஐம்பது. முகம் வடிவா விழும்."

"குசினி எவ்வளவு பெரிசு?"

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"அப்ப ஐம்பதைப் போட்டா நீங்கள் கிணத்துக்குள்ளை நிண்டுதான் எடுக்கவேணும். முப்பத்தைஞ்சு எடுங்கோ. ஒண்டு தசம் நாலிலையும் இருக்கு. விலைதான் இன்னும் கூட."

முடிவு செய்தேன். முப்பத்தைந்து மில்லிமீற்றர், ஒன்று தசம் நாலு. கமராவும் லென்ஸும் முடிவாகிவிட்டன. காசு மட்டும் நாகேஸ்வரியிடம் இருந்தது. அவளுடைய அப்பு கந்தப்பர் புகையிலை விற்று, வீட்டில் ஏதாவது செய் என்று மகளின் கையில் கொடுத்த காசு. வீடும் அவளுடைய சீதன வீடுதான். இதையெல்லாம் நான் பெரிதாக வெளியில் சொல்வதில்லை.

இரவு சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஆரம்பித்தேன்.

"இஞ்சாரும், ஒரு கமரா எடுப்பிக்கப் போறன். உம்மைத்தான் படம் எடுக்கப்போறன்."

"என்னையோ? எங்கை வைச்சு?"

"குசினியிலை. நீர் அடுப்பு ஊதேக்கை."

"அந்த இருட்டுக்குள்ளை படம் விழுமே?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கிக் காட்டினேன். "லென்ஸிலை ஒரு துவாரம் இருக்கு. அது பெருக்கப் பெருக்க வெளிச்சம் கூட உள்ளுக்கு வரும். நம்பர் குறைஞ்சா துவாரம் பெரிசு."

"விலை?"

"அது கூடும்."

"நம்பர் குறைய விலை ஏறுதோ? நல்ல யாவாரம்."

"உமக்கு உது விளங்காது. துவாரம் சின்னனெண்டா கமராவை ஆடாமல் எதிலையும் வைச்சு, ஒண்டு ரெண்டு எண்டு எண்ணி எடுக்கவேணும். ஆளும் அசையக்கூடாது. அசைஞ்சா சோமசேகரத்தின்ரை மாடுதான்."

"சோமண்ணையின்ரை பெட்டியாலை எடுக்கேலாதோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "பக்கத்தாலை நல்ல பகல் வெளிச்சம் வந்து விழுந்தா அந்தப் பெட்டியும் எடுக்கும். அது ஒரு கெட்டித்தனமே?"

அவள் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். பிறகு சொன்னாள். "அப்ப எல்லாத்துக்கும் வெளிச்சம் உள்ளுக்கு வரவேணும்."

"அதுதான் விசயம்."

"நீங்கள் சொல்லுறது சரி. அப்புவின்ரை காசு அதுக்குத்தான் போகவேணும்."

இவ்வளவு லேசாக நான் எந்த வழக்கிலும் வென்றதில்லை. அடுத்தநாள் காலை வேலியருகில் நின்று சோமசேகரத்துக்கும் துவார விளக்கம் கொடுத்தேன். போட்டி விபரத்தையும் சொன்னேன். தோற்பதற்கும் ஆட்கள் வேண்டுமே.

அந்தக் கிழமை ஒருநாள் கச்சேரியில் கந்தோர் வேலை முடிந்து சைக்கிளில் வந்தேன். முற்றமெல்லாம் வெள்ளைக் கல்தூள். குசினிச் சுவரில் பெரிய வெளி. அதற்குள் மேசன் நீக்கிலாப்பிள்ளை இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வேலிக்கு மேலே சோமசேகரத்தின் தலை தெரிந்தது. தலை எனக்கு வணக்கம் சொன்னது.

"என்ன நடக்குது இஞ்சை?"

"யன்னல் ஐயா" என்றார் மேசன். "நாலடிக்கு மூண்டடி. தங்கச்சி இன்னும் பெரிசாக் கேட்டவ. சுவர் தாங்காதெண்டு சொன்னன்."

"நாகேஸ்வரி, நான் லென்ஸையல்லோ சொன்னனான்."

"நீங்கள் சொன்னது வெளிச்சத்தை. அது கமராவுக்குள்ளை வந்தா உங்களுக்கு ஒரு படம். வீட்டுக்குள்ளை வந்தா எனக்கு ஒவ்வொரு நாளும்."

"என்ரை காசு..."

"ஆற்றை காசு?"

"சரி, என்ரை சுவர்..."

"ஆற்றை சுவர்?"

மேசன் வெற்றிலையைத் துப்புவதற்கு எழுந்து போய்விட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. என் கலை, என் இருட்டு, என் பரிசு எல்லாம் கல்தூளாக முற்றத்தில் கிடந்தன.

"இனி அந்தப் படம் என்னெண்டு வரும்? புகையெல்லாம் வெளியிலை போயிடும். உம்மடை கண்ணிலை தண்ணியும் வராது."

"ஓம், வராது" என்றாள். சிரித்தாள். அந்தக் குசினிக்குள் அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். இருட்டில் முந்தியும் சிரித்திருப்பாளோ என்னவோ.

சுவருக்குச் சாந்து காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நாகேஸ்வரி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு விறாந்தையில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, எனக்குத் தலை சுத்துது. சோத்தை ஒருக்கா ஏத்துங்கோ."

"அந்த இருட்டுக்குள்ளை எனக்குக் கண்..."

குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலை வெயில் யன்னலால் வந்து அடுப்பின் மேலே கொட்டிக்கொண்டிருந்தது. அரிசிப் பானையின் கரியைக்கூட எண்ணலாம்.

போய்க் குந்தினேன். விறகு ஈரம். நாகேஸ்வரி ஊதினால் யன்னலால் போகிற புகை எனக்கென்று வந்தபோது நேரே முகத்துக்கு வந்தது. யன்னல் விளிம்பில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. தேயிலைப் பெட்டியாக்கும் என்று நினைத்தேன். குசினியில் எது எங்கே இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வாசலில் வந்து நின்று நாகேஸ்வரி சொன்னாள். தலைச்சுற்று அவளுக்கு நன்றாகத் தெளிந்திருந்தது.

"உப்பிடி ஊதினாப் பத்தாது. ஆடாமல் அசையாமல் ஒரே மூச்சிலை ஊதவேணும். நான் எண்ணுறன். ஒண்டு... ரெண்டு... மூண்டு..."

ஊதினேன். வெளியே 'கிளிக்' என்று ஏதோ கேட்டது. பல்லி என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பத்திரிகை வந்தது. முதற் பரிசு, சோமசேகரம், கோப்பாய். படத்தின் பெயர் 'குடும்பத் தலைவர்'. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, அடுப்பு ஊதிக்கொண்டிருப்பது நான். என் கண்ணால் வழிகிற நீர் சொட்டுச் சொட்டாகத் தெரிந்தது. தலை ஒன்றுதான் இருந்தது. கச்சேரியில் அன்றைக்கு ஒருவரும் வேலை செய்யவில்லை. செபநாயகம் அதைப் பெரிதாக்கி ஸ்ரூடியோ வாசலில் வைத்துவிட்டார். போகிறவன் வருகிறவன் எல்லாம் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறான்.

பின்னேரம் பிலிப்பு பத்திரிகையும் கையுமாக வந்தான். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். புது யன்னலால் எட்டிப் பார்த்தான்.

"கனகசபாபதி அண்ணை, என்ன கூர்மையப்பா இந்தப் படம். சோமசேகரம் எந்த லென்ஸ் போட்டவர்? ஒண்டு தசம் நாலோ?"

நான் வாய் திறக்குமுன் நாகேஸ்வரி விறாந்தையிலிருந்து சொன்னாள்.

"இல்லைத் தம்பி. நாலடிக்கு மூண்டடி."