வேனுக்கு ஜுரம் பார்த்த விவரம்

மாகறல் கோயில் மண்டபம்,
வெள்ளிக்கிழமை மதியம்.

அன்பு மைத்துனன் லோகேஸ்வரனுக்கு, ஓசூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டு ஆதிகேசவன் எழுதுவது. லீவு கிடைக்காமல் எங்கள் மகள் ஜீவிதாவின் நிச்சயதார்த்தத்துக்கு நீ வராதது எங்களுக்குக் குறைதான். ஆனால் என் டீசல் வேனைக் காயலான் கடையில் போடச் சொன்னாயே, அதற்கு இன்று பதில் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை வாலாஜாபாத் தாண்டும்போது வேனில் மஞ்சள் விளக்கு எரிந்தது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை, சைக்கிள்காரர்கள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, புகைக்குழாயில் சூடு எல்லை மீறிவிட்டது, ஃபில்டரோடு மொத்தமும் மாற்றவேண்டும், இந்த வாரம் நடக்காது என்றார்கள். முகூர்த்த நாள் என்பதால் வாடகை வேனும் கிடைக்கவில்லை. "பொண்ணு வூட்டுக்காரங்க ஷேர் ஆட்டோவுல தொங்கிக்கினு போய் எறங்கினா நல்லாவா இருக்கும்?" என்று உன் அக்கா தேவகி கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, எங்கள் தெருமுனை மெக்கானிக் உஸ்மான் பாயைக் கூட்டிவந்தேன். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரைச் சொருகினார். புகைக்குழாயில் சூடு பார்க்க மூன்று சென்சார்கள். இரண்டு காலைக் குளிர்ச்சியைக் காட்டின, மூன்றாவது செங்கல் சூளைச் சூட்டைக் காட்டியது. நான் குனிந்து குழாயைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. கால்நடை ஆய்வாளராக ஆயுசெல்லாம் மாட்டுக்கு ஜுரம் பார்த்தவன் இல்லையா, "பாய், மாடு நல்லாத்தான் இருக்குது. தெர்மாமீட்டருக்குத்தான் ஜுரம்" என்றேன்.

"இருக்கலாம் சார். ஒயரை எலி கடிச்சிருந்தாலும் இப்படித்தான் காட்டும். பாத்துட்டுப் பேசுவோம்" என்று அவர் அடியில் நுழைந்தார். மீட்டர் வைத்து அளந்தார். ஒயரில் பழுதில்லை. சென்சாரைக் கழற்றி அளந்தபோது எண் ஒரு நிலையில் நிற்காமல் குதித்தது. "சார் சொன்னதுதான் கரெக்ட்" என்றார். அதை தேவகி காதில் விழும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், தங்கமான மனிதர், சொன்னார். புது சென்சார் மாட்டியதும் மூன்று எண்களும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. விளக்கு அணைந்தது, இல்லாத சூட்டுக்குப் பயந்து தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொண்டிருந்த வண்டி பறந்தது.

இன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலேயே வந்து இறங்கிவிட்டோம். தட்டு மாற்றியாயிற்று. சாப்பாட்டுப் பந்தியில் இந்தக் கதையை முழுவதும் கேட்ட சம்பந்தி துரைக்கண்ணு, "திரும்பறப்ப உங்க வண்டியிலயே நாங்களும் வந்துடறோம்பா" என்று தன் காரைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதைவிட என்ன வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள், தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
ஆதிகேசவன்

பி.கு.: வழியில் வண்டி நின்றுவிட்டது. மூன்று சென்சார்களும் துல்லியமாக வேலை செய்கின்றன. டீசல்தான் இல்லை. சம்பந்தி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் தள்ளுகிறார். ஸ்டியரிங்கில் வைத்து எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்.