பட்டினி போட வேண்டிய ஜாடிகள்

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது.

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இருப்பாய், இந்தக் கடிதத்தைப் படிக்கும் வரையிலாவது.

பயிற்சிக்குக் கிளம்பும்போது உன் ஆராய்ச்சி நெல் நாற்றுகளை இருபத்து நான்கு ஜாடிகளில் பின்னறையில் வைத்துவிட்டு, "மாமா, வலது வரிசைக்குச் சத்துத் தண்ணி, இடது வரிசைக்கு இந்தக் கேன் தண்ணி மட்டும்தான். நைட்ரஜன் துளிகூடப் போகக்கூடாது. சத்து இருக்குங்கற சேதி வேருக்குப் போகலேன்னா எந்த செல் சாகுது, எது தாக்குப்பிடிக்குதுன்னு நான் எண்ணணும். என் பட்டமே இதுலதான் இருக்கு" என்றாய். நானும் எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

ஐந்து நாள் பொறுத்தேனம்மா. ஆறாம் நாள் காலையில் இடது வரிசை வெளுத்து மஞ்சளாகி நிற்கிறது, வலது வரிசை பச்சைப்பசேலென்று கொழிக்கிறது. முப்பத்தோரு வருஷம் மாணவர் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தை மேற்பார்வை பார்த்தவன் நான். ஒரு பக்கம் பரிமாறிவிட்டு மறுபக்கத்தை வெறும் தட்டோடு உட்காரவைக்கும் பாவத்தை ஒரு நாளும் செய்ததில்லை. கை தானாகப் பூந்தொட்டி யூரியா டப்பாவுக்குப் போய்விட்டது. ஜாடிக்கு ஒரு சிட்டிகைதான். ரொம்ப வாடியதற்கு மட்டும் இரண்டு.

உன் அத்தை பார்த்துவிட்டு, "அவ மூணு வருஷம் பட்ட பாட்டை மூணு நிமிஷத்துல ஊட்டி முடிச்சுட்டீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய் வேர்களைக் கழுவினேன். இரண்டு நாற்றுகள் பிய்ந்து கையோடு வந்துவிட்டன. திரும்ப நிற்கவைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பேராசிரியரிடம் நானே வந்து காலில் விழத் தயார். உன் வாழ்க்கையைக் கெடுத்த பாவி என்று நீ திட்டினாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

எங்கிருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. என் ஆசி பலிக்குமோ என்னவோ, இருந்தாலும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
எந்த முகத்தோடு மாமா என்று கையெழுத்திடுவதெனத் தெரியாத மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் புருஷன் இதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறான். "அப்பா, ஆராய்ச்சி நாத்தெல்லாம் ஆய்வகத்துல பூட்டிப் பத்திரமா இருக்கு. இது மிச்சம் விழுந்தது. ரிட்டையர் ஆனதுலேர்ந்து நீங்க சுவத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்கன்னு அவதான் கொண்டுவந்து வெச்சா" என்கிறான். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். ஆனால் திரும்பி வந்ததும் ஜாடிகளை எடுத்துக்கொண்டு போய்விடாதே அம்மா. அப்புறம் காலையில் நான் எதற்கு எழுந்திருப்பது?